போலந்தில் எல்லோரும் என்னை 'பான்' என்கிறார்களே, அது என்ன சொல்? பாண்டியனோடு அதற்கு உறவு உண்டா?

வேலைக்காக வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன என்கிறீர்கள். குடியிருப்புக் காவலாளி, மருந்துக்கடைப் பெண், வங்கி ஊழியர் என எல்லோரும் உங்களை 'பான்' என்கிறார்கள். அலுவலகத்தில் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது மரியாதையா, வெளிநாட்டுக்காரன் என்பதால் தள்ளி வைத்துப் பேசுவதா என்று கேட்கிறீர்கள். 'பாண்டியன்' என்ற சொல்தான் போலந்து போய்ச் சேர்ந்து 'பான்' ஆனது என்று ஒரு காணொளியில் பார்த்ததாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக, இவர்கள் உங்களை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பது ஒன்று. சொல் எங்கிருந்து வந்தது என்பது இன்னொன்று. நான் ஸ்லாவ் மொழியியல், அதாவது போலிஷ், செக், ரஷ்யன் போன்ற மொழிகள் சேர்ந்த குடும்பத்தைப் பற்றிய படிப்பு, படித்தவன். பல ஆண்டுகளாக இங்கே புதிதாக வருபவர்களுக்குப் போலிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதில் ஓர் எல்லை வரை உறுதி, அதற்கு அப்பால் அறிஞர்களிடையே இன்னும் முடியாத வழக்கு.

மரியாதைதான், சந்தேகமே வேண்டாம். பழக்கமில்லாத, வயதுக்கு வந்த எந்த ஆணுக்கும் போலிஷில் 'பான்', பெண்ணுக்கு 'பானி'. உங்கள் நிறத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் இதில் பங்கில்லை. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் போலந்துக்காரரும் 'பான்'தான். உண்மையில், ஒரு கடைக்காரர் உங்களிடம் மட்டும் 'பான்' போடாமல் 'தி' (நீ) என்று பேசினால் அப்போதுதான் யோசிக்க வேண்டும். அதுகூட, உங்களுக்குப் போலிஷ் அவ்வளவாக வராது என்று பார்த்து எளிமைப்படுத்தியதாக இருக்கலாம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களைக் குழப்புவது இதன் இலக்கணம் என்று நினைக்கிறேன். தமிழில் 'நீ'யின் மரியாதை வடிவம் 'நீங்கள்'. செக், ரஷ்ய மொழிகளிலும் அப்படியே, பன்மை முன்னிலையைத்தான் மரியாதைக்குப் பயன்படுத்துகிறார்கள். போலிஷ் அந்த வழியில் போகவில்லை. எதிரே நிற்பவரிடமே படர்க்கையில் பேசுகிறது. 'க்ட்ஜே பான் மியெஷ்கா?' என்று உங்களிடம் கேட்டால் சொல்லுக்குச் சொல் அது 'பான் எங்கே வசிக்கிறார்?'. நம் ஊரில் பண்ணையாள் பண்ணையாரிடமே 'ஐயா சாப்பிட்டாங்களா?' என்று கேட்பது போல. ஏவலும் அப்படித்தான். 'உட்காருங்கள்' என்பதற்கு 'நியெஹ் பான் ஷியாதா', அதாவது 'பான் உட்காரட்டும்'. முதல் சில வாரங்கள் என் மாணவர்கள் பலரும் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்து அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களைத்தான் கேட்கிறார்கள்.

இந்தப் படர்க்கைப் பேச்சு எப்படி வந்தது என்பதில்தான் சொல்லின் வரலாறே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடைக்காலப் போலந்தில் 'பான்' என்றால் பெரிய அதிகாரம் உடையவர். கோட்டைத் தலைவர் பதவியில் இருந்தவரை ஊர்ப் பெயரோடு சேர்த்துப் 'பான் கிராக்கோஃப்ஸ்கி' என்பார்கள், 'கிராக்கூவின் பான்' என்ற பொருளில். அது பேச்சுக்குச் சொல்லும் மரியாதை இல்லை, பதவியின் பெயரே அதுதான். கடவுளுக்கும் இதே சொல். இன்றும் 'பான் பூக்' என்றால் ஆண்டவர். ஆனால் ஆதியில் அந்த இடத்தில் வேறொரு சொல் இருந்தது. போலிஷின் மிகப் பழைய பக்திப் பாடலான 'போகுரோஜித்சா'வுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஏடு 1407-ஐச் சேர்ந்தது. அதில் ஆண்டவருக்குக் 'கோஸ்போஜின்' என்ற சொல் வருகிறது, 'பான்' அல்ல. கோஸ்போஜின் பின்னாளில் வழக்கொழிந்தது. அது விட்டுப்போன இடத்தையும் 'பான்' எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் சொல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. போலந்தில் 'ஷ்லாஹ்தா' எனப்படும் பிரபு வகுப்பு மற்ற ஐரோப்பிய நாடுகளைவிடப் பெரியது. மக்கள்தொகையில் 6 முதல் 10 விழுக்காடு வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அதில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவரும் உண்டு, ஒரே ஒரு துண்டு நிலத்தைத் தானே உழுதவரும் உண்டு. ஆனால் சட்டப்படி எல்லோரும் சமம். 'துண்டு நிலத்துப் பிரபுவும் மாகாண ஆளுநருக்குச் சமம்' என்று இன்றும் இங்கே ஒரு பழமொழி இருக்கிறது. அப்படியானால் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது? எல்லோரும் எல்லோருக்கும் 'பான்' ஆனார்கள். சபை கூடினால் 'பானோவியே பிராத்சியா', அதாவது 'பான்களே, சகோதரர்களே'. இதோடு 'வாஷா மிவோஷ்ச்', 'தங்கள் அன்பு' என்ற பொருளில் ஒரு பட்ட விளியும் இருந்தது. அது தேய்ந்து 'வாஷ்மோஷ்ச்', இன்னும் தேய்ந்து 'வாச்பான்' ஆகியது. 'தங்கள் அன்பு வருகிறதா?' என்று கேட்கும்போது வினை படர்க்கையில்தானே வர முடியும்? அந்தப் பழக்கமே இன்றைய 'பான் வருகிறாரா?'வின் ஊற்று. ஸ்பானிஷ் மொழியில் 'உஸ்தெத்' பிறந்த கதையும் இதேதான், 'தங்கள் கருணை' என்ற விளி தேய்ந்து மரியாதை முன்னிலையானது. இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை.

1834-இல் வெளிவந்த, போலிஷ் கவிஞர் மித்ஸ்கியெவிச்சின் 'பான் ததேயுஷ்' காவியத்தைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இங்கே படிப்பார்கள். அந்தத் தலைப்பை இன்றைய காதோடு கேட்டால் 'திரு. ததேயுஷ்' என்றுதான் தோன்றும். அன்றைய வாசகருக்கு அது இளைஞன் ஷ்லாஹ்தா வகுப்பைச் சேர்ந்தவன் என்பதையும் சொல்லிவிடும். அவனுடைய நிலத்தில் உழுத குடியானவனுக்கு யாரும் 'பான்' போட்டிருக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 'பான்' என்பதிலிருந்து பிறந்த ஒரு சொல் 'பாஞ்ஷ்சிஸ்னா'. பானுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். குடியானவன் வாரத்தில் பல நாட்கள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மிச்ச நாளில்தான் தன் வயல். நாடு மூன்று பேரரசுகளிடம் பிரிந்து கிடந்த காலத்தில் இது ஒரே சமயத்தில் ஒழியவில்லை. பிரஷ்யப் பகுதியில் 1807 முதல் படிப்படியாக, ஆஸ்திரியப் பகுதியில் 1848-இல், ரஷ்யப் பகுதியில் 1864-இல். ஆஸ்திரியப் பகுதியில் அது ஒழிவதற்குச் சற்று முன்பு, 1846-இல், அங்கே தார்னூவ் நகரச் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைச் சூறையாடி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அந்த மக்களின் வாயில் 'பான்' என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உக்ரைனிலும் ரஷ்யாவிலும் நெடுங்காலம் 'பான்' என்றாலே போலிஷ் நிலக்கிழார் என்ற வெறுப்பு ஒட்டிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். உக்ரைன் 1991-இல் தனி நாடான பிறகு 'தோழர்' போய், அங்கேயும் 'பான்' மரியாதைச் சொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது.

கிராமத்துக் குடியானவர்கள் தங்களுக்குள் என்ன செய்தார்கள் என்றால், தமிழ் மாதிரியே பன்மை. அம்மா அப்பாவையும் ஊர்ப் பெரியவர்களையும் 'வி', அதாவது 'நீங்கள்' என்றார்கள். வயதானவர்கள் சிலரிடம் இந்தப் பேச்சை இன்றும் கேட்கலாம், கேட்டால் நமக்கு உடனே நெருக்கமாக இருக்கும். ஆனால் நகரத்தில் அது எடுபடவில்லை. அதற்கு அரசியல் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி, 'பான்' என்பதில் நிலக்கிழார் வாடை அடிக்கிறது என்று அதை ஓரங்கட்டப் பார்த்தது. கட்சிக்குள் 'தோழரே' என்ற விளியும் ரஷ்யப் பாணியில் 'வி'யும் வந்தன. காவல்துறையும் ராணுவமும் 'ஒபிவாத்தெல்', 'குடிமகன்' என்று அழைத்தன. மக்கள் ஏற்கவில்லை. கடையிலும் டிராமிலும் மருத்துவமனையிலும் 'பான்', 'பானி' தொடர்ந்தன. மேலிருந்து வந்த 'வி' அவர்கள் காதில் மாஸ்கோவின் குரலாக ஒலித்தது. ஆட்சி மாறியதும் ராணுவத்தில்கூட 'குடிமகன் கேப்டன்' போய் 'பான் கேப்டன்' திரும்பியது. கோட்டைத் தலைவரின் பட்டம் கடைசியில் எல்லோருடைய உடைமையும் ஆகிவிட்டது. உங்கள் காவலாளி உங்களுக்குச் சொல்வதையே நீங்களும் அவருக்குச் சொல்ல வேண்டும், இருவரும் ஒருவருக்கொருவர் 'பான்'. என்னைக் கேட்டால் இந்தச் சொல்லின் பயணத்தில் மிக அழகான பகுதி இதுதான்.

சரி, இனி வேர். உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பழைய செக் மொழியில் இந்தச் சொல் 'ஹ்பான்' என்று எழுதப்பட்டிருக்கிறது. முன்னால் ஒரு 'ஹ்'. செக்கில் பழைய 'க' ஒலி ('கங்கை' என்பதில் வரும் மெல்லிய க) 'ஹ'வாக மாறியது என்பது நன்கு தெரிந்த விதி. ஆகவே, மூல ஸ்லாவ் வடிவம் அந்தக் 'க'வில் தொடங்கி, நடுவே மிகக் குறுகிய ஓர் உயிர் ஒலியோடு, ஏறத்தாழ 'குபான்' என்று இருந்திருக்க வேண்டும். அந்தக் குறுகிய உயிர் எல்லா ஸ்லாவ் மொழிகளிலும் பல இடங்களில் உதிர்ந்துபோனது. உதிர்ந்ததும் 'க்ப' என்று வாயில் நிற்காத கூட்டு மிஞ்சியது, போலிஷ் அதைப் 'ப' என்று சுருக்கிக்கொண்டது. ஒலி விதிகள் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவதால் இதுவரை பெரும்பாலானோருக்கு உடன்பாடு.

சந்தேகம் அதற்கு முன்னால் தொடங்குகிறது. தெற்கு ஸ்லாவ் மொழிகளில் 'ஜுப்பான்' என்று ஒரு சொல் உண்டு. 'ஜுப்பா' என்ற நிலப்பகுதியின் தலைவர் அவர். ஹங்கேரிய மொழி அதைக் கடன் வாங்கி 'இஷ்பான்' என்றது, ருமேனிய மொழி 'ஜுபின்' என்றது. இதன் மிகப் பழைய தடம் 777-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. பவேரியாவின் கோமகன் தாசிலோ, இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள கிரெம்ஸ்முன்ஸ்டர் மடத்துக்குக் கொடுத்த கொடைச் சாசனத்தில் 'யோப்பான்' என்ற பட்டத்தோடு ஃபிஸ்ஸோ என்ற ஒருவர் வருகிறார். அந்த நிலத்து ஸ்லாவ் மக்களின் தலைவர் அவர். பானும் ஜுப்பானும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள் என்பது பலர் கொள்ளும் கருத்து. எனக்கும் அது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் அந்த ஒரே சொல் ஸ்லாவ் மக்களுடையதா, அக்காலத்தில் அவர்கள் மேல் ஆதிக்கம் செலுத்திய அவார் என்ற குதிரைவீரர் கூட்டத்திடமிருந்து வந்ததா என்பதில் கட்சிகள் பிரிகின்றன. அவார்கள் பேசிய மொழியில் நமக்கு எஞ்சியிருப்பது சில பெயர்களும் பட்டங்களும் மட்டுமே. அதை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இன்னொரு கட்சி இந்தோ-ஈரானிய மொழிகளின் பக்கம் போகிறது. சமஸ்கிருதத்தில் 'கோபா' என்றால் பசுக்களைக் காப்பவன், பிறகு பொதுவாகக் காவலன். 'கோ' பசு, 'பா' காத்தல். ஸ்லாவ் மக்களுக்கு அருகில் நெடுங்காலம் வாழ்ந்த ஈரானிய மொழிக்காரர்களிடம் இதே அமைப்பில் 'மந்தை காப்பவன்' என்ற சொல் இருந்து, அது தலைவனைக் குறிக்கும் பட்டமாகி 'குபான்' ஆனது என்பது வாதம். மேய்ப்பன் தலைவனாவது உலகில் பல இடங்களில் நடந்ததுதான், பொருள் பொருந்துகிறது. ஆனால் இடைவழியில் இருந்திருக்க வேண்டிய வடிவத்துக்கு ஸ்லாவ் பக்கத்தில் எழுத்துச் சான்று இல்லை, உயிரொலி விவரங்களிலும் இடிக்கிறது. அகராதிகள் இதைக் குறிப்பிடும், ஆனால் கேள்விக்குறியோடு. இது உண்மையாக இருந்தால், நம் ஊர்க் கோபாலனுக்கும் போலந்தின் பானுக்கும் மிகத் தூரத்து உறவு உண்டு. ஆனால் 'இருந்தால்' என்பதை அழுத்தித்தான் சொல்வேன்.

பாண்டியனோடு உறவு இல்லை. காணொளி செய்தவரின் தமிழ்ப் பற்றைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் முறை தவறு. இன்று ஒலிக்கும் வடிவத்தை இன்று ஒலிக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். சொல்லாராய்ச்சியில் கிடைப்பதிலேயே பழைய வடிவத்தைப் பழைய வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். போலிஷ் பக்கத்தில் பழைய வடிவம் 'க'வில் தொடங்குகிறது, பாண்டியனில் அந்தக் 'க' எங்கே? பாண்டியனின் 'ண்ட' போலிஷில் எந்த விதிப்படி மறைந்தது? எந்தக் காலத்தில், யார் வழியாக அந்தச் சொல் மத்திய ஐரோப்பாவுக்குப் போனது? மூன்றுக்கும் பதில் இல்லை. இதே காரணங்களுக்காகக் கிரேக்கக் கடவுள் பானும் ஈழத்தில் ரொட்டிக்குச் சொல்லும் பாணும் இதற்கு உறவில்லை. ஈழத்துப் பாண் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. தமிழுக்குப் பக்கத்தில் வரும் உண்மையான கதை ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். பழைய போலிஷ் பிரபுக்கள் அணிந்த நீண்ட உடைக்கும் 'ஜுப்பான்' என்றுதான் பெயர். ஆனால் அது பட்டப்பெயரான ஜுப்பானுக்குச் சொந்தமில்லை. இத்தாலிய மொழி வழியாக வந்தது, அதன் மூலம் அரபு 'ஜுப்பா'. நம் ஜிப்பாவும் அதே அரபுச் சொல்தான். கிராக்கூவ் அருங்காட்சியகத்தில் தொங்கும் பிரபுவின் அங்கியும் நம் தாத்தா போட்ட ஜிப்பாவும் பெயரளவில் பங்காளிகள்.

'பாஞ்ஸ்த்வோ' என்ற சொல் உங்களை இரண்டு இடத்தில் தடுமாற வைக்கும். அறிவிப்புகளில் 'ஷானோவ்னி பாஞ்ஸ்த்வோ' என்றால் 'மதிப்புக்குரிய பெரியோர்களே', ஆணும் பெண்ணும் சேர்ந்த கூட்டம். செய்தியில் 'பாஞ்ஸ்த்வோ போல்ஸ்கியே' என்றால் போலந்து அரசு. ஒரே சொல்தான், பானின் ஆளுகை என்பதிலிருந்து இரண்டு பக்கமாகக் கிளைத்தது. மனிதர்களைக் குறித்தால் வினை பன்மை, அரசைக் குறித்தால் ஒருமை. வினையைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் 'பான்' இல்லாததற்குக் காரணம் நீங்கள் இல்லை. மென்பொருள் நிறுவனங்களில் முதல் நாளிலிருந்தே எல்லோரும் 'தி'தான். வெளியே ஒருவரை நேரில் 'பானியே கோவால்ஸ்கி' என்று குடும்பப் பெயரோடு விளிக்காதீர்கள். பாடப்புத்தகம் போலத் தெரியும், ஆனால் மேலதிகாரி அதட்டுவது போல ஒலிக்கும். தெரிந்தவர் என்றால் முதல் பெயரோடு 'பானியே யானியே', 'பானி அன்னோ'. தெரியாதவரை நிறுத்த 'ப்ரோஷெ பானா', பெண் என்றால் 'ப்ரோஷெ பானி'. பள்ளியில் உங்கள் குழந்தை ஆசிரியையைக் கூப்பிடுவதும் இந்த 'ப்ரோஷெ பானி'தான், வீட்டுக்கு வந்து 'எங்கள் பானி' என்றால் வகுப்பாசிரியை. கழிப்பறைக் கதவில் வட்டம் இருந்தால் பெண்களுக்கு, முக்கோணம் இருந்தால் பான்களுக்கு. இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று, தமிழர்களுக்கே உரிய சிக்கல். போலிஷில் 'ஆ' ஒலியில் முடியும் முதல் பெயர் என்றால் ஏறக்குறைய எப்போதும் பெண். ஆகவே சிவா, சூர்யா, ராஜா என்று பெயர் உள்ள ஆண்களுக்கு அரசு அலுவலகங்களிலிருந்து 'மதிப்புக்குரிய பானி' என்று கடிதம் வரும். அவமதிப்பு இல்லை, பெயரின் ஈற்றைப் பார்த்து ஊகித்தது. பதில் எழுதும்போது கையெழுத்துக்கு மேலே 'பான்' என்று சேர்த்துவிட்டால் அடுத்த கடிதம் பெரும்பாலும் சரியாக வரும்.

'பான்'இலிருந்து 'தி'க்கு இறங்குவதை மட்டும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயதில் மூத்தவர், பெண், அல்லது மேல் பதவியில் இருப்பவர் முன்மொழிவதுதான் முறை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் கையை நீட்டித் தன் முதல் பெயரை மட்டும் சொன்னால், நீங்களும் உங்கள் முதல் பெயரை மட்டும் சொல்லிக் கையைக் குலுக்குங்கள். அதன் பிறகு அவரிடம் மறுபடி 'பான்' போட்டால்தான் அவருக்கு வருத்தமாக இருக்கும்.